எஃப்03-ஓடு நிற்காதீர்கள்

சென்னையில் இருந்தபோது அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் கோடிங் செய்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த பிறகு, மருத்துவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு பிராக்டிஸில் அதே வேலை. நோயின் பெயருக்கு எண் போடும் வேலைதானே என்று வெளியில் கேட்பார்கள். டிமென்ஷியா எனும் மறதி நோய் விஷயத்தில் அந்த எண் எவ்வளவு தூரம் போகும் என்பதை வேலையிலும் பார்த்தேன், என் மாமனாருக்கே அந்த நோய் வந்தபோது வீட்டிலும் பார்த்தேன். எந்த டெஸ்டுக்கு யார் பணம் கட்டுவது, எந்த மாத்திரை கிடைக்கும், அடுத்த முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ராத்திரி டியூட்டி டாக்டர் எந்த ஊசியை எடுப்பார் என்பதெல்லாம் அந்த எண்ணோடு சேர்ந்தே நடக்கிறது.

சென்னை, கோவை, திருச்சியில் கோடிங் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஏராளம். வயதான அப்பா அம்மாவை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் அதைவிட அதிகம். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கோடிங் தெரியாதவர்கள் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் பில்லிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எந்த எண் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் அடிப்படை. டிமென்ஷியா என்பது ஒரே நோய் அல்ல. மூளையில் நடக்கும் பல வேறு நோய்களின் விளைவு அது. நோய்களுக்கு எண் தரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலும் அதை அப்படித்தான் பிரிக்கிறது. எஃப்00 அல்ஸைமர் நோயில் வரும் டிமென்ஷியா. எஃப்01 ரத்தக்குழாய் பாதிப்பால், அதாவது சின்னதும் பெரியதுமான பக்கவாதங்களால் வருவது. எஃப்02 பார்க்கின்சன், ஹண்டிங்டன், எச்ஐவி போன்ற வேறு நோய்களோடு சேர்ந்து வருவது. எஃப்03 எந்த வகை என்று குறிப்பிடப்படாதது.

இந்தக் கடைசி எண்ணில்தான் என் கவலை முழுவதும். எஃப்03 தவறான கோட் அல்ல. டெஸ்டுகள் முடியும்வரை, டாக்டருக்கே இன்னும் தெளியாதபோது, அதுதான் நேர்மையான கோட். ஆனால் முதல் விசிட்டில் போட்ட எஃப்03 வருஷக்கணக்கில் அப்படியே நகல் எடுக்கப்பட்டு ஓடுகிறது. மாத்திரைச் சீட்டு புதுப்பிக்கும்போது பழைய எண்ணே மறுபடி ஏறுகிறது. ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் டாக்டர் எழுதிய எண்ணே போகிறது. யாரும் நின்று, "இது என்ன வகை?" என்று கேட்பதில்லை. வயசானால் மறதி வரத்தானே செய்யும் என்று வீட்டில் நாம் சொல்வதும், டாக்டர் எஃப்03 என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதும் ஒன்றுதான்.

அமெரிக்க கோடிங்கிலிருந்து இங்கே வருபவர்களுக்கு முதல் திகைப்பு எஃப்00. அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம் பட்டியலில் அந்த வகையே கிடையாது. அங்கே அல்ஸைமருக்கு ஜி30 போட்டு, கூடவே எஃப்02 போடுவோம். 2022 அக்டோபர் முதல் தேதியிலிருந்து எஃப்01, எஃப்02, எஃப்03 மூன்றிலும் நோயின் தீவிரத்தையும் சேர்க்க வேண்டும்: ஏ என்றால் லேசானது, பி நடுத்தரம், சி கடுமையானது. அதற்கப்புறம் கிளர்ச்சி, மனநிலை மாற்றம், பதற்றம் என்று இன்னொரு அடுக்கு. தென்னாப்பிரிக்காவில் உலக சுகாதார நிறுவனத்தின் மூலப் பட்டியல்தான். தீவிரம் சொல்லும் எழுத்துகள் இங்கே இல்லை. அதற்குப் பதிலாக டாகர், ஆஸ்டெரிஸ்க் என்ற ஜோடி முறை உண்டு.

ஜோடி முறை சுலபம்தான். மூல நோய்க்கு டாகர் கோட், அது முதலில். அதன் வெளிப்பாட்டுக்கு ஆஸ்டெரிஸ்க் கோட், அது இரண்டாவதாக. வயதான காலத்தில் தொடங்கிய அல்ஸைமர் என்றால் ஜி30.1 முதலில், எஃப்00.1 பிறகு. பார்க்கின்சன் டிமென்ஷியா என்றால் ஜி20, பிறகு எஃப்02.3. எச்ஐவியால் வந்தது என்றால் பி22.0, பிறகு எஃப்02.4. ஆஸ்டெரிஸ்க் கோட் தனியாக நிற்காது, முதல் இடத்திலும் நிற்காது. இங்கே எல்லோரும் பயன்படுத்தும் எம்ஐடி என்ற மாஸ்டர் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே, அது முதன்மை கோடாக வரலாமா கூடாதா என்று குறித்திருக்கும். எஃப்00.1 மட்டும் போட்டு பில் அனுப்பினால் அது திரும்பி வரும். மெடிக்கல் எயிட், அதாவது இங்குள்ள மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு அனுப்பும் கடிதத்தில் "நிராகரிக்கப்பட்டது" என்று மட்டும்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, மெடிக்கல் எயிட் அல்ஸைமருக்கு ஒரு பைசா கொடுக்காதாம் என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் கைப்பணத்தில் கட்டும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பிராக்டிஸுக்கு ஒரு போன் போட்டு ஜி30-ஐ முன்னால் சேர்த்து மறுபடி அனுப்பச் சொன்னால் தீர்ந்திருக்கும்.

எஃப்01-ம் எஃப்03-ம் இதில் விதிவிலக்கு. அவை ஆஸ்டெரிஸ்க் அல்ல, இங்கே தனியாகவே நிற்கும். அமெரிக்கப் பட்டியலில் எஃப்01-க்கு முன்னால் மூல காரணத்தைப் போடச் சொல்லும் குறிப்பு இருப்பதால், அங்கிருந்து வருபவர்கள் தயங்குவார்கள்.

டாக்டரின் கையெழுத்துக் குறிப்பில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. "எர்லி அல்ஸைமர்" என்று எழுதியிருப்பார். அவர் சொல்வது நோய் ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது என்று. புதிதாக வரும் கோடர் அதை இளவயதில் தொடங்கியது என்று எடுத்துக்கொண்டு ஜி30.0 போடுவார். நோயாளிக்கு வயது 79. ஜி30.0-வும் எஃப்00.0-வும் 65 வயதுக்கு முன்னால் தொடங்கிய நோய்க்கு. இன்றைய வயதைப் பார்க்கக் கூடாது, தொடங்கிய வயதைப் பார்க்க வேண்டும். இப்போது 72 வயதாகும் ஒருவருக்கு 61-இல் அறிகுறி தொடங்கியிருந்தால் அவருக்கு ஜி30.0 சரி. அதனால் எப்போது தொடங்கியது என்பதைக் குடும்பம் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் "கொஞ்ச நாளாவே" என்றுதான் பதில் வரும். வருஷம் கேட்டால் தெரியாது. திருவிழாவை வைத்துக் கேட்டால் தெரியும். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் குடும்பம் ஒன்றில் மகளிடம் இப்படிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போனோமே அக்கா, அங்க ஆயா கூட்டத்துல வழி தெரியாம நின்னாங்க. என் சின்னவன் அப்போ கிளாஸ் ஒன்னு" என்றார். பையன் இப்போது எந்த வகுப்பு என்று கேட்டு வருஷத்தைக் கண்டுபிடித்தோம். டாக்டரின் குறிப்பில் அது ஏறியது, கோடும் மாறியது.

அடுத்த பொறி "மிக்ஸ்டு டிமென்ஷியா". டாக்டர்கள் பெரும்பாலும் அல்ஸைமரும் ரத்தக்குழாய் பாதிப்பும் சேர்ந்தது என்ற பொருளில் எழுதுகிறார்கள். பட்டியலில் தேடினால் எஃப்01.3 கண்ணில் படும், அதிலும் "மிக்ஸ்டு" இருக்கும். ஆனால் அது மூளையின் மேற்பரப்பும் உட்பகுதியும் சேர்ந்து பாதித்த ரத்தக்குழாய் டிமென்ஷியா. அல்ஸைமர் கலந்ததற்கு ஜி30.8-ம் எஃப்00.2-ம். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்களாக ஊகிக்காதீர்கள். கோடர் நோயைக் கண்டுபிடிப்பவர் அல்ல.

இதே காரணத்தால்தான் "டிமென்ஷியாவாக இருக்கலாம்" என்று டாக்டர் எழுதினால் டிமென்ஷியா கோட் போடக் கூடாது. அறிகுறியைப் போட வேண்டும்: மறதிக்கு ஆர்41.3, இடம் காலம் தெரியாத குழப்பத்துக்கு ஆர்41.0. சந்தேகத்தை உறுதியாக்கி எழுதிவிட்டால், பிறகு அது தைராய்டு குறைவு என்றே தெரிந்தாலும், பழைய எண் அந்த மனிதரின் கோப்பைவிட்டுப் போகாது.

இனி மாமாவைப் பற்றி.

மாமனார் டர்பனின் ஜேக்கப்ஸ் பகுதியில் ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் கோயில் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பார். வேலூர்ப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரன். சாட்ஸ்வர்த்தில் இந்தத் தலைமுறை வீட்டில் ஆங்கிலம்தான் பேசும், அவர் மட்டும் விடாப்பிடியாக எங்களிடம் தமிழ்தான் பேசுவார். அவருடைய மெடிக்கல் எயிட் என் கணவரின் அண்ணன் பெயரில் இருந்ததால் பில்கள் டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸில் இருந்த அண்ணன் வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தன.

ஒரு நாள் தமிழ்ப் பள்ளிக் கணக்கைச் சென்ட் பிசகாமல் கூட்டி வைப்பார். மறுநாள் காலை குளியலறை எந்தப் பக்கம் என்று நிற்பார். அதற்கடுத்த நாள் மறுபடி தெளிவு. சாயங்காலமானால் சோஃபாவின் ஓரத்தைக் காட்டி, "அம்மாடி, அந்தப் பிள்ளைங்க ரொம்ப நேரமா உக்காந்திருக்கு, டீ குடு" என்பார். சோஃபாவில் யாரும் இருக்க மாட்டார்கள். பிள்ளைகளின் சட்டை நிறம்கூடச் சொல்வார். மாமி கற்பூரம் ஏற்றிச் சுற்றிப் போட்டார். நடை சின்னச் சின்ன எட்டாக மாறியது. குடும்ப டாக்டர் எஃப்03 என்று எழுதினார். ஒரு வருஷத்துக்கும் மேல் அதுவே ஓடியது.

அப்புறம் ஒரு குளிர்காலத்தில் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், ராத்திரியெல்லாம் கூச்சல். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திடீரென்று சில மணி நேரத்தில் இப்படிக் குழம்பிப் போவது டெலிரியம். அதற்குத் தனி கோட் உண்டு: டிமென்ஷியா இல்லாதவருக்கு எஃப்05.0, ஏற்கெனவே டிமென்ஷியா இருப்பவருக்கு எஃப்05.1. கூடவே தொற்றுக்கான கோட். ஆனால் அட்மிஷன் தாளில் எஃப்03-ம் சிறுநீர்த் தொற்றுக்கான என்39.0-வும் மட்டும்தான் இருந்தன. டிமென்ஷியா உள்ள பெரியவர், கத்துகிறார் என்று ராத்திரி டியூட்டியில் கிளர்ச்சியை அடக்கும் ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள்.

காலையில் போனபோது மாமா விறைத்துக் கிடந்தார். கையை மடக்க முடியவில்லை. கஞ்சியை வாயில் விட்டால் விழுங்கத் தெரியவில்லை. கண் மட்டும் எங்களைப் பார்த்தது. பேச்சு திரும்பி வர நாளானது.

அதற்குப் பிறகு பார்த்த நரம்பியல் நிபுணர் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்னால் மாமியிடம் ஒன்று கேட்டார்: தூக்கத்தில் கையைக் காலை வீசுவாரா, கத்துவாரா? மாமி என்னைப் பார்த்தார். தமிழில் சொன்னேன். "அதனாலதானே நான் எப்பவோ அடுத்த ரூமுக்குப் போயிட்டேன்" என்றார். கனவில் யாரையோ அடிப்பது போல் வீசி, மாமியின் தோளில் அடி விழுந்திருக்கிறது. பல வருஷமாக நடந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லவில்லை. நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தெளிவு, இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரிவது, கனவை உடம்பால் நடிப்பது, பார்க்கின்சன் மாதிரியான நடை என்ற நான்கும் சேர்ந்தால் லூயி பாடி டிமென்ஷியா. இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் ஆபத்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

இங்கேதான் கோடிங்கின் எல்லை எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி தெரிந்தது. ஐசிடி-10-இல் லூயி பாடிக்குத் தனி எண் இல்லை. ஜி31.8 முதலில், எஃப்02.8 பிறகு. ஜி31.8 என்பது "மூளைத் தேய்வின் பிற வகைகள்" என்ற பை. குழந்தைகளுக்கு வரும் ஆல்பர்ஸ், லீ நோய்களும் அதே எண்ணில் இருக்கின்றன. அமெரிக்கப் பட்டியலில் ஜி31.83 என்று லூயி பாடிக்கு மட்டும் ஓர் எண் இருக்கிறது, ஐசிடி-11-இலும் 6டி82 என்று தனியிடம் கிடைத்திருக்கிறது. இங்கே நாம் அனுப்பும் எண்ணைப் பார்த்து எந்த நர்ஸுக்கும் எச்சரிக்கை மணி அடிக்காது.

அதனால் எண்ணோடு சொல்லையும் எழுதவைத்தோம். ஒவ்வொரு ரெஃபரல் கடிதத்திலும் நோயின் பெயர் முழுதாக. மருந்தால் வந்த விறைப்பும் கோப்பில் ஏறியது: ஜி21.1, கூடவே எந்த வகை மருந்தால் என்று சொல்லும் ஒய்49.4. மாமாவின் பர்ஸில், அடையாள அட்டைக்குப் பின்னால், கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் நோயின் பெயரும் "ஹாலோபெரிடால் கொடுக்க வேண்டாம்" என்பதும். அதே வாசகம் ஃபிரிட்ஜ் கதவில், மாமியின் போனில், ஃபீனிக்ஸ் வீட்டில். ஆம்புலன்ஸ்காரர்கள் கண்ணில் சட்டென்று பட வேண்டும். வீட்டில் லூயி பாடி உள்ளவர் இருந்தால் இதை இன்றைக்கே செய்யுங்கள்.

இப்போது பண விஷயம். தென்னாப்பிரிக்காவில் 1998-ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி, எந்தத் திட்டத்தில் இருந்தாலும் சில நோய்களுக்குக் கட்டாயம் செலவைத் தர வேண்டும். பிஎம்பி (பிரிஸ்கிரைப்டு மினிமம் பெனிஃபிட்ஸ்) என்பார்கள். அதன் நாள்பட்ட நோய்ப் பட்டியலில் ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, தைராய்டு குறைவு, பார்க்கின்சன் எல்லாம் உண்டு. அல்ஸைமர் இல்லை. லூயி பாடியும் இல்லை. டிமென்ஷியா சம்பந்தமாக இருப்பது "குணப்படுத்தக்கூடிய டிமென்ஷியா" என்ற ஒரு வரி: முதல் முறை நோயைக் கண்டறிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும், கடுமையான மனக்குழப்ப அறிகுறிகளுக்கு ஒரு வாரம் வரையிலான சிகிச்சையும்.

அந்த வரியை அலட்சியம் செய்யாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு குறைவு, சிபிலிஸ், மூளையில் நீர் கோத்துக்கொள்வது ஆகியவை டிமென்ஷியா மாதிரியே காட்டும், நேரத்தில் பிடித்தால் சரியாகவும் கூடும். பி12 குறைவால் வந்தது என்றால் ஈ53.8 முதலில், எஃப்02.8 பிறகு. நரம்பு சிபிலிஸ் என்றால் ஏ52.1. எச்ஐவி டெஸ்ட் என்றதும் எங்கள் வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள், "தாத்தாவுக்குப் போய் இதெல்லாமா" என்று. உலகத்திலேயே எச்ஐவி உள்ளவர்கள் அதிகம் வாழும் நாடு இது. டாக்டர் எழுதினால் எடுத்துவிடுங்கள். அறிகுறி கோடில் போன டெஸ்ட் பில் மெடிக்கல் எயிட்டுக்குள் இருக்கும் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டிருக்கும். பிறகு பிஎம்பி பட்டியலில் உள்ள நோய் உறுதியானால், அந்த உறுதியான கோடோடு பழைய பில்லை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். நோயைக் கண்டறிந்த செலவும் பிஎம்பியில் சேரும். இதைத் தாங்களாகவே எந்தத் திட்டமும் செய்து தருவதில்லை, நாம் கேட்க வேண்டும்.

மாமா விஷயத்தில் உறவினர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். நடை பார்க்கின்சன் மாதிரித்தானே இருக்கிறது, ஜி20 போட்டுவிட்டால் மருந்து கட்டாயப் பட்டியலில் வந்துவிடுமே என்று. பலருக்கும் இந்த ஆசை வரும், செலவைப் பார்த்தால் புரியவும் செய்கிறது. நான் மறுத்தேன். இரண்டுக்கும் நடுவில் மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை தெளிவானது: பார்க்கின்சன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து டிமென்ஷியா வந்தால் அது பார்க்கின்சன் டிமென்ஷியா, டிமென்ஷியா முன்னால் வந்தாலோ, ஒரு வருஷத்துக்குள் இரண்டும் வந்தாலோ லூயி பாடி. மாமாவுக்குக் குழப்பம்தான் முதலில் வந்தது. நோயை மாற்றி எழுதுவது மோசடி, பிடிபட்டால் உறுப்பினர் அட்டையே போகும். அதைவிடப் பெரிய காரணம் எனக்கு இன்னொன்று. பார்க்கின்சன் என்று எழுதியதும் அடுத்த டாக்டர் பார்க்கின்சன் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். அந்த மாத்திரை லூயி பாடிக்காரர்களுக்கு இல்லாத உருவங்களை அதிகமாகக் காட்டக்கூடியது. பொய் எண்ணின் விலையை அவர் உடம்பு கொடுக்கும்.

பல திட்டங்களில் மனநலத்துக்கென்று தனி வரம்பு இருக்கும், எஃப் எழுத்தில் தொடங்கும் கோட் முதன்மையாக இருந்தால் அந்தக் கணக்கில் கழியும். எஃப்03-ஐ விட்டு ஜி30, ஜி31 என்று உண்மையான மூல நோய்க்குப் போவதில் இந்த நன்மையும் உண்டு. நெற்றியின் பின்புறமும் பக்கவாட்டிலும் மூளை தேயும் வகைக்கும் (ஜி31.0, பிறகு எஃப்02.0) இது பொருந்தும். ஐம்பதுகளிலேயே குணம் மாறி, கூச்சம் போய், கண்டபடி செலவழிப்பார்கள். மனச்சோர்வு, குடிப்பழக்கம் என்று தவறாக எழுதப்பட்டு வருஷங்கள் போய்விடும்.

மறதித் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோகா தேர்வில் மொத்தம் 30 மதிப்பெண், 26-ம் அதற்கு மேலும் இயல்பு என்பது வழக்கமான அளவு. பன்னிரண்டு வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருவார்கள். எங்கள் பக்கத்து ஆயாக்கள் பலர் மூன்றாம் நான்காம் வகுப்போடு நின்றவர்கள், வீட்டில் தமிழும் தெருவில் ஆங்கிலமும் பேசி வளர்ந்தவர்கள். அவர்களிடம் ஆங்கில எழுத்து ஒன்றைச் சொல்லி, அதில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிஷம் அடுக்கு என்றால் எப்படி வரும்? மோகாவுக்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது, கேளுங்கள். கூடப் போகிறவர் மொழிபெயர்க்கலாம், ஆனால் விடையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. பாசத்தில் செய்கிறோம், நோய் மறைந்துகொள்கிறது. எப்படியானாலும் மதிப்பெண் என்பது நோயின் பெயர் அல்ல. மதிப்பெண்ணை மட்டும் வைத்து டிமென்ஷியா கோட் போடவும் முடியாது.

டாக்டரிடம் போகும்போது ஒரே ஒரு தாள் எழுதிக் கொண்டுபோங்கள். எது முதலில் மாறியது: மறதியா, பேச்சா, குணமா, நடையா? படிப்படியாகச் சரிந்ததா, ஒரு நாளில் சட்டென்று இறங்கி நின்று மறுபடி இறங்கியதா? சட்டென்று படிக்கட்டாக இறங்குவது ரத்தக்குழாய் வகையைக் காட்டும். இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறதா? தூக்கத்தில் அடிக்கிறாரா? குடி உண்டா? என்னென்ன மாத்திரைகள், நாட்டு மருந்து உட்பட? பார்த்து முடித்ததும், "இது எந்த வகை என்று எழுதுவீர்களா டாக்டர்? இன்னும் தெரியவில்லை என்றால் எதைப் பார்த்து, எப்போது முடிவு செய்வீர்கள்?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் கோபித்துக்கொண்ட டாக்டரை நான் பார்த்ததில்லை.

வகை சீக்கிரம் தெரிவதில் இன்னொரு அவசரமும் இந்த நாட்டில் இருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஒருவர் எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி, அவருக்கு மனத்திறன் போனதும் செல்லாது. பத்திரம் இருக்கிறதே என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பாங்கில் போய் நிற்பார்கள். அதற்கப்புறம் அவர் சொத்தைக் கவனிக்க உயர் நீதிமன்றம் மூலம் கியூரேட்டர், அல்லது 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அட்மினிஸ்ட்ரேட்டர் என்று நீண்ட வேலை. தெளிவு இருக்கும்போதே உயில், வீட்டுப் பத்திரம், பாங்க் கணக்கு எல்லாவற்றையும் அவர் வாயாலேயே பேசி முடித்துவிடுங்கள். கோட் மட்டும் யாருடைய மனத்திறனும் போய்விட்டது என்று சொல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டிமென்ஷியா கோட் விழுந்த அன்றே பெரியவரைக் கேட்காமல் முடிவெடுக்கத் தொடங்கும் வீடுகள் உண்டு, அது அநியாயம். மெடிக்கல் எயிட் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை: முதியோர் உதவித்தொகை வாங்கும் ஒருவருக்கு முழுநேரத் துணை தேவைப்பட்டால் அரசு உதவித்தொகைகளைத் தரும் சாசா நிறுவனத்தில் கிராண்ட்-இன்-எயிட் என்ற கூடுதல் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். டாக்டர் அறிக்கை வேண்டும். அதிலும் "முதுமை" என்ற மொட்டைச் சொல்லைவிட நோயின் பெயரும், எந்தெந்த வேலைக்கு ஆள் துணை வேண்டும் என்பதும் இருக்கட்டும்.

மாமாவுக்கு இப்போது ரிவாஸ்டிக்மின் என்ற டிமென்ஷியா மருந்து கொடுக்கிறோம். சோஃபாப் பிள்ளைகள் வருவது குறைந்திருக்கிறது. மெடிக்கல் எயிட் மாதாந்தர மருந்தை முதலில் மறுத்துவிட்டது, அந்த மருந்து ஏன் தேவை என்று விளக்கும் மோட்டிவேஷன் கடிதம் மறுபடி போயிருக்கிறது. இந்த முறை கடிதத்தில் நோயின் பெயர் சொல்லாக, இரண்டு கோடும் சரியான வரிசையில், தொடங்கிய காலம், எடுத்த டெஸ்டுகள், ஹாலோபெரிடாலுக்கு நடந்தது, மருந்து தொடங்கிய பிறகு மாறியது என எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கிறது. நரம்பியல் நிபுணர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதையும் மறுத்தால், திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்குப் புகார் எழுதுவோம். அவர்கள் கேட்டால் திட்டம் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதுவரை மாத்திரைக்கு அண்ணனும் நாங்களும் பாதிப் பாதி கட்டுகிறோம்.